பிசாயாவில் சாப்பிடக் கூப்பிடுவது

சாண்டோஸ் துறைமுகம், பிரேசில்
14.02.1989

அன்பான தங்கச்சி தவநாயகிக்கு,

நான் சுகம். நீயும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேணும் எண்டு முருகனை வேண்டிக்கொண்டு எழுதுறன். லண்டன் குளிர் உனக்கு ஒத்துவராது. கழுத்தை மூடிக்கொண்டு வேலைக்குப் போ.

விசயத்துக்கு வாறன். கோண்டாவில் சபாரத்தினம் மாஸ்டரின்ர மகன் பரமேஸ்வரன் இப்ப டொரொன்டோவில கணக்காளன். அவை உன்னைப் பொம்பிளை கேட்டிருக்கினம். நல்ல குடும்பம். நான் ஓம் எண்டு சொல்லிப்போட்டன். சேலை கட்டி ஒரு படம் எடுத்து உடன அவைக்கு அனுப்பு. விலாசம் பின்பக்கத்தில இருக்கு. அனுப்பினதும் எனக்கு எழுது. அப்பாவும் அம்மாவும் இல்லாத இடத்தில நான்தான் இதைச் செய்யவேணும். உனக்கும் இருபத்தெட்டு ஆகுது. யோசிச்சுக்கொண்டு இருக்காதை.

எனக்கு இந்தக் கப்பலில செக்கண்ட் இஞ்சினியர் பதவி தந்திருக்கினம். என்ஜின் அறையில எனக்குக் கீழை ஒன்பது பேர். எல்லாரும் பிலிப்பீன்சில செபு, பொஹோல் தீவுக்காரர். இங்கிலிஷ் அரைகுறை. அவங்கட பிசாயா பாஷையில இருபது சொல் பாடமாக்கி வைச்சிருக்கிறன். வேலை வாங்க அது காணும்.

அடுத்த துறைமுகம் டேர்பன். அங்கத்தை ஏஜென்ட் விலாசத்துக்குப் பதில் போடு. நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணன்
யோகராஜா


ஃபாரஸ்ட் கேட், லண்டன்
12.03.1989

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கட கடிதம் கிடைச்சது. நான் நல்ல சுகம், இருமலும் விட்டிட்டுது. பதவி உயர்வு கேட்டுச் சந்தோசம். போன சனிக்கிழமை விம்பிள்டன் கோயிலுக்குப் போய் உங்கட பேரில ஒரு அர்ச்சனை செய்தனான்.

அண்ணை, நீங்கள் பிசாயா எண்டு எழுதினதைப் பாத்திட்டு நான் கதிரையை விட்டு எழும்பிப்போட்டன். ஏன் எண்டு சொல்லுறன்.

நான் வேலை செய்யிற நேர்சிங் ஹோமுக்கு ஜனவரியில தெயோதுலோ எண்டு ஒருவர் வந்தவர், நாங்கள் தெயோ எண்டு கூப்பிடுவம். எழுபத்திநாலு வயது. நாப்பது வருசம் கப்பலில ஓடி, இஞ்சை கேனிங் டவுனில ஒரு வெள்ளைக்காரியைக் கலியாணம் கட்டி இருந்தவர். மனிசி செத்து, பிள்ளைகளும் இல்லை. பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துபோச்சு. அதோட அவற்ற இங்கிலிஷ் முழுக்கப் போயிட்டுது. வேற ஆஸ்பத்திரியில இருக்கிற ஒரு பிலிப்பீன்ஸ் நேர்சை டெலிபோனில பிடிச்சுக் கதைக்க வைச்சம். அந்தப் பிள்ளை மணிலாப் பக்கம். "இவர் முனகிறது பிசாயா, எனக்கு அது வராது" எண்டு சொல்லிப்போட்டா.

அவர் சாப்பிடுறார் இல்லை. கரண்டியைக் கண்டால் வாயை இறுக்கி மூடிக்கொள்ளுவார். டொக்டர் பாத்திட்டு விழுங்குறதில பிழை ஒண்டும் இல்லை எண்டவர். வரேக்கை ஐம்பத்திரண்டு கிலோ, இப்ப நாப்பத்தெட்டு. இப்பிடியே போனால் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி மூக்கால குழாய் விடவேண்டி வரும் எண்டு எங்களுக்கு மேல இருக்கிற மேட்றன் சொல்லுறா.

சாப்பிடு, குடி, எழும்பு, இரு, வாயைத் திற. இதுகளுக்கு பிசாயாவில என்ன சொல்லுறது எண்டு தமிழ் எழுத்திலேயே எழுதி அனுப்புங்கோ அண்ணை. கெதியா.

கப்பலில கவனமா இருங்கோ.

அன்புத் தங்கச்சி
தவம்


டேர்பன்
02.04.1989

அன்பான தவத்துக்கு,

நான் சுகம். உன்ர சுகம் அறிஞ்சு நிம்மதி.

கேட்டது இது. காஒன் எண்டால் சாப்பிடு. இம்னா எண்டால் குடி. லிங்கோட் இரு. தின்டோக் எழும்பு. டாலி கெதியா. அயாவ் எண்டால் செய்யாதை. வாயைத் திற எண்டதுக்கு எனக்குத் தெரியாது. வால்வைத் திறக்கிறதுக்கு அப்லிஹி எண்டு சொல்லுவன். அதைச் சொல்லிப் பார்.

உரத்துச் சொல்லு. தயங்கித் தயங்கிச் சொன்னால் இவங்கள் அசையமாட்டாங்கள்.

படம் அனுப்பினியோ இல்லையோ எண்டு ஒரு வரியும் இல்லை. டொரொன்டோவில இருந்து கேட்டு எழுதியிருக்கினம். இந்தக் கிழமைக்குள்ள அனுப்பு. சிங்கப்பூருக்குப் பதில் எழுது.

அண்ணன்
யோகராஜா


ஃபாரஸ்ட் கேட்
24.04.1989

அன்புள்ள அண்ணைக்கு,

நான் சுகம். உங்களுக்கும் உடம்பு சுகமா இருக்கும் எண்டு நம்புறன். வெய்யில் நாடுகளில தண்ணி நிறையக் குடியுங்கோ.

கடிதம் வந்த அண்டைக்கே, மத்தியானச் சாப்பாட்டு நேரம், அவற்ற கட்டிலடிக்குப் போனன். முதல் "லிங்கோட்" எண்டன். அண்ணை, அவர் கண்ணை முழுசாத் திறந்து என்னைப் பாத்தார். மூண்டு மாசத்தில நான் அந்தக் கண்ணை அப்பிடி ஒரு நாளும் காணேல்லை. இடக் கையை ஊண்டி நிமிர்ந்தும் இருந்தார். கரண்டியை எடுத்து, நீங்கள் சொன்ன மாதிரி உரத்து "காஒன்" எண்டன். முகம் சுருங்கிப்போச்சு. பிறகு "அப்லிஹி" எண்டு சொன்னன். உடன முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிப்போட்டார். பின்னேரம் நான் ஷிப்ட் முடிஞ்சு வெளிக்கிடும் வரைக்கும் திரும்பேல்லை.

வீட்டை வந்து யோசிச்சன். நான் உங்களுக்கு "இருங்கோ" எண்டு சொல்லுவன், என்னோட வேலை செய்யிற எமில்டாவுக்கு "இரும்" எண்டு சொல்லுவன், சின்னப் பிள்ளைக்குத்தான் "இரு". அவற்ற பாஷையிலும் இப்பிடி இருக்கும்தானே. நான் ஒரு வயது போன மனிசனைப் பாத்து "தின்னு, திற" எண்டு அதட்டியிருக்கிறன் போல. நாப்பது வருசம் கப்பலில அந்தச் சொல்லுகளை எத்தினை பேரிட்டைக் கேட்டிருப்பாரோ.

உங்கட ஆக்களிட்டை மரியாதையா எப்பிடிச் சொல்லுறது எண்டு கேட்டு எழுதுங்கோ. நாப்பத்தாறு கிலோவுக்கு வந்திட்டார்.

எமில்டாவும் உங்களைச் சுகம் விசாரிச்சவ.

அன்புத் தங்கச்சி
தவம்


சிங்கப்பூர்
07.05.1989

அன்பான தவத்துக்கு,

சுகம். நீயும் அப்பிடி இருப்பாய் எண்டு நினைக்கிறன்.

பலிஹுக் எண்டு ஒரு சொல் இருக்கு. முன்னால அதைப் போட்டால் தயவுசெய்து எண்ட மாதிரி. சாப்பாட்டறையில அவங்கள் தங்களுக்குள்ள சொல்லிக் கேட்டிருக்கிறன். எனக்கு அது தேவைப்படேல்லை.

அதுக்கு மேல என்னால கேக்க ஏலாது. ஏன் எண்டு கேட்டு எழுதாதை.

படம்?

அண்ணன்
யோகராஜா


ஃபாரஸ்ட் கேட்
28.05.1989

அன்புள்ள அண்ணைக்கு,

நான் சுகம். இஞ்சை வெய்யில் வந்திட்டுது, ஈஸ்ட் ஹாம் கடைகளில மாம்பழமும் வந்திட்டுது. உங்கட கடிதம் வழமையை விடச் சின்னன். உடம்புக்கு ஒண்டும் இல்லையே?

பலிஹுக் வேலை செய்யுது. மூண்டு நாள் அவரிட்டை ஒண்டும் சொல்லாமல் இருந்து, நாலாம் நாள் மெதுவா "பலிஹுக், இம்னா" எண்டு தண்ணிக் கப்பை நீட்டினன். குடிச்சார். சூப்பும் ரெண்டு கரண்டி எடுத்தார். பிறகு தலையை ஆட்டிப்போட்டார். ஒவ்வொரு நாளும் அப்பிடித்தான், ரெண்டு கரண்டியோட சரி. பசி இல்லை எண்டு சொல்ல ஏலாது. மற்றவையின்ர சாப்பாட்டுக் கோப்பைச் சத்தம் கேக்க அந்தப் பக்கம் திரும்பிப் பாக்கிறவர். என்னவோ ஒண்டு குறையுது, எனக்கு விளங்கேல்லை.

டொக்டர் ஜூலை நடுப்பகுதி வரைக்கும் பாப்பம் எண்டு சொல்லியிருக்கிறார். அதுக்குப் பிறகு குழாய்தான்.

மேட்றன் என்னைக் கூப்பிட்டு நிரப்பச் சொல்லி ஒரு பாரம் தந்தவ. அதைப் பற்றிப் பிறகு எழுதுறன்.

நீங்கள் ஏன் கேக்க ஏலாது எண்டு நான் கேக்கேல்லை. ஆனால் யோசிச்சுக்கொண்டிருக்கிறன்.

அன்புத் தங்கச்சி
தவம்


ஃபாரஸ்ட் கேட்
02.07.1989

அன்புள்ள அண்ணைக்கு,

அஞ்சு கிழமையாக் கடிதம் இல்லை. கம்பனிக்குப் போன் எடுத்தன். கப்பல் ஓடிக்கொண்டுதான் இருக்கு, ஒரு பிரச்சினையும் அறிவிக்கப்படேல்லை எண்டு ஒரு பொம்பிளை சொன்னா. நீங்கள் சுகம் எண்டு ஒரு வரி எழுதினால் காணும். தெயோவின்ர விசயம் கிடக்கட்டும்.

தவம்


யொக்கஹாமா
27.06.1989

அன்பான தவத்துக்கு,

உன்ர மே மாதக் கடிதம் இஞ்சைதான் கைக்கு வந்தது. நான் சுகம். எழுத்துக் கோணலா இருந்தால் கப்பல் ஆடுது எண்டு நினை.

இஞ்சை என்ஜினுக்கு எண்ணெய் போடுற ஒயிலர் ஒருத்தன் இருக்கிறான், நெமேசியோ எண்டு. பொஹோல் ஆள், என்ர வயதுதான் இருக்கும். அவனிட்டை உன்ர கிழவனைப் பற்றிச் சொன்னன். முதல் கேட்டது, "அவர் தனியவா சாப்பிடுறார்?" எண்டு. ஓம், நேர்ஸ் பக்கத்தில நிண்டு ஊட்டுவா எண்டன். அவன் சிரிச்சான். "அப்ப எப்பிடிச் சாப்பிடுவார், சேர்?" எண்டான்.

அவங்கட ஊரில காஒன் எண்டு சொல்லி ஒருத்தரையும் சாப்பிடச் சொல்லுறேல்லையாம், அதட்டினால் தவிர. காஒன் தா எண்டுதான் சொல்லுவினமாம். தா எண்டால் நாங்கள். நீயும் நானும் சேர்ந்த நாங்கள். எங்கட "சாப்பிடுவம்" மாதிரி. அப்பிடிச் சொல்லுறவன் தன்ர கோப்பையோடதான் வந்து சொல்லுவான். பாத்துக்கொண்டு நிக்கமாட்டான்.

பேர் சொல்லியும் கூப்பிடாதை, மிஸ்டரும் போடாதை. நொய் எண்டு கூப்பிடு. அது அண்ணையையும், பெரியவையையும் கூப்பிடுற சொல். காஒன் தா, நொய். இவ்வளவும்தான்.

அவன் சொன்னதில பொய் இல்லை. எனக்குத் தெரியும்.

களைப்பா இருக்கு, நிப்பாட்டுறன். நீயும் உடம்பைப் பார்.

அண்ணன்
யோகராஜா


ஃபாரஸ்ட் கேட்
20.07.1989

அன்புள்ள அண்ணைக்கு,

நான் சுகம். ரெண்டு பேரின்ர கடிதமும் நடுவழியில ஒண்டை ஒண்டு கடந்து போயிருக்கு. உங்கட எழுத்தைக் கண்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. முதல் தெயோவின்ர கதையைச் சொல்லுறன். பிறகு உங்கட கதை, அதுக்குப் பிறகு என்ர கதை.

எங்கட இடத்தில ஸ்டாஃப் எல்லாரும் ஸ்டாஃப் அறையிலதான் சாப்பிடவேணும். மேட்றனிட்டைப் போய் இப்பிடி ஒரு விசயம், ஒரு கிழமைக்கு அவரோட இருந்து சாப்பிட விடுங்கோ எண்டு கேட்டன். கண்ணாடியைக் கழட்டிப்போட்டு என்னைப் பாத்தா. "இதை யார் சொன்னது?" எண்டா. பசிபிக் சமுத்திரத்தில இருக்கிற ஒரு ஒயிலர் எண்டு சொன்னன். சிரிக்கேல்லை. ஆனால் டொக்டர் பிழை இல்லை எண்டால் சரி, ஒரு கிழமைக்கு எண்டா. டொக்டரும் குழைஞ்ச சாப்பாடு எண்டால் குடுக்கலாம் எண்டவர்.

காலமை எழும்பிச் சோறை நல்லாக் குழைய விட்டு, முள்ளெடுத்த மீனில உறைப்புக் குறைச்சு ஒரு குழம்பு வைச்சன். மத்தியானம் ரெண்டு கோப்பையில போட்டு, ஒண்டை அவற்ற மேசையில வைச்சு, கதிரையை இழுத்துப் பக்கத்தில இருந்தன். நிக்கேல்லை அண்ணை. இருந்தன். "காஒன் தா, நொய்" எண்டு சொல்லிப்போட்டு, அவரைப் பாக்காமல் நான் சாப்பிடத் தொடங்கினன், கையாலதான்.

நான் ரெண்டு வாய், மூண்டு வாய் சாப்பிட்டன். அவர் என்ர கையைப் பாத்துக்கொண்டிருந்தார். பிறகு இடக் கையைத் தூக்கிக் கரண்டியைத் தட்டி விட்டிட்டு, விரலால சோறை அள்ளினார். பாதி நெஞ்சில கொட்டினது. மிச்சம் வாய்க்குள்ள போச்சு. அரைக் கோப்பை சாப்பிட்டார். நான் அழேல்லை எண்டு சொன்னால் பொய். ஆனால் அவருக்கு முன்னால இல்லை, கோப்பை கழுவேக்கைதான்.

ஆறு நாள் ஆச்சு. நேற்று நிறுத்துப் பாத்தம், நாப்பத்தேழரைக் கிலோ. டொக்டர் குழாய்க் கதையை எடுக்கேல்லை. மேட்றன் "அந்த ஒரு கிழமையைப் பற்றி நான் மறந்துபோனன்" எண்டு சொல்லிப்போட்டுப் போனா. நெமேசியோவுக்கு என்ர நன்றியைச் சொல்லுங்கோ.

இனி உங்கட கதை. கப்பல் ஆடினால் எழுத்து எல்லாப் பக்கமும் ஆடும். உங்கட எழுத்து ஒரே பக்கம் சரிஞ்சு கிடக்கு. அது இடக் கையால எழுதினது. வலக் கைக்கு என்ன நடந்தது? நெமேசியோ சொன்னதில பொய் இல்லை எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும், அவன் உங்களுக்குப் பக்கத்திலயும் இருந்து சாப்பிட்டவனோ? மறைக்காமல் எழுதுங்கோ.

கடைசியா என்ர கதை. மேட்றன் தந்தது நேர்சிங் பள்ளிக்கூடத்துக்கான விண்ணப்பம். நிரப்பி அனுப்பிப்போட்டன். செப்டம்பரில நேர்முகம். பரமேஸ்வரனுக்கு நான் படம் அனுப்பேல்லை, அனுப்பவும் மாட்டன். அவரில ஒரு குறையும் இல்லை. எனக்கு இப்ப கலியாணம் வேண்டாம், படிக்கவேணும். இதை நான் முதலே சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் விருப்பமோ எண்டு கேட்டு எழுதேல்லை அண்ணை, அனுப்பு எண்டுதான் எழுதினீங்கள். அதுக்கு என்ன பதில் எழுதிறது எண்டு தெரியாமல் எழுதாமல் விட்டிட்டன். கோவிக்காதேங்கோ.

நல்லாச் சாப்பிடுங்கோ.

அன்புத் தங்கச்சி
தவம்


ரொட்டர்டாம்
18.09.1989

அன்பான தங்கச்சிக்கு,

நான் இப்ப உண்மையிலேயே சுகம். இது வலக் கையால எழுதுறது, பார். உன்ர கடிதம் வந்து ஒரு மாதம். எழுதக் கை ஏலும், மனம்தான் ஏலாமல் இருந்தது.

ஏப்ரலில இவங்கள் ஒன்பது பேரும் சேர்ந்து என்னைப் பற்றிக் கப்டனிட்டை முறைப்பாடு குடுத்தவங்கள். நான் நாயைப் போல நடத்துறன் எண்டு. முதல் கையெழுத்து நெமேசியோவின்ரது. அதுக்குப் பிறகு வேலைக்குத் தவிர ஒருத்தனும் என்னோட வாய் திறக்கேல்லை. அதாலதான் உனக்கு அப்பிடி எழுதினன். அவங்களிட்டைப் போய் மரியாதைச் சொல் சொல்லித் தா எண்டு எந்த முகத்தோட கேக்கிறது?

ஜூன் தொடக்கத்தில ஒரு நீராவிக் குழாய் வெடிச்சு என்ர வலக் கை முழங்கை வரைக்கும் அவிஞ்சுபோச்சு. என்னை இழுத்து வெளியில எடுத்தது நெமேசியோ. ரெண்டு நாள் நான் கபினுக்குள்ள சாப்பிடாமல் கிடந்தன். வேற ஆள் ஊட்டச் சாப்பிடுறதுக்கு வெக்கம். மூண்டாம் நாள் அவன் தன்ர கோப்பையையும் தூக்கிக்கொண்டு வந்து, நிலத்தில இருந்து, காஒன் தா சேர் எண்டு சொல்லிப்போட்டுத் தன்ர பாட்டில சாப்பிட்டான். நான் இடக் கையால அள்ளிச் சாப்பிட்டன். அண்டைக்குத்தான் உன்ர கிழவனைப் பற்றி அவனுக்குச் சொன்னன்.

கட்டு அவிழ்த்த அண்டைக்கு எல்லாரும் இருக்கேக்கை சாப்பாட்டறைக்குப் போனன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டதுக்கு அவங்கள் பசாய்லோஆ கோ எண்டு சொல்லுவாங்கள். எடு, திற, கொண்டா எண்டு நான் கத்துற சொல்லுகளைப் போல, கட்டளையாத்தான் அதையும் உண்டாக்கியிருக்கு. ஆனால் சொல்லேக்கை குரல் தன்ர பாட்டில இறங்கிப்போகுது. ரெண்டு தரம் சொன்னன். பிறகு சமையல்காரன் எனக்கு ஒரு கதிரையைத் தள்ளி விட்டான். எல்லாம் சரியாப்போச்சு எண்டு சொல்லமாட்டன். இப்ப காலமை வணக்கம் சொல்லுறாங்கள். அது பெரிசு.

சபாரத்தினம் மாஸ்டருக்கு எழுதிப்போட்டன், தங்கச்சி படிக்கப்போறா, வேற இடம் பாருங்கோ எண்டு. தங்கச்சியைக் கேக்காமல் ஓம் சொன்னது என்ர பிழை எண்டும் எழுதினன்.

நேர்முகம் எப்பிடி முடிஞ்சது? நவம்பர் கடைசியில கப்பல் டில்பெரிக்கு வரும், நாலு நாள் நிக்கும். உன்னை வந்து பாக்கலாமோ? உனக்கு ஷிப்ட் இருந்தால் பரவாயில்லை, ஒரு மணித்தியாலம் எண்டாலும் காணும். உனக்கு வசதி எண்டால் எழுது.

அண்ணன்
யோகராஜா


ஃபாரஸ்ட் கேட்
23.01.1990

அன்புள்ள அண்ணைக்கு,

நான் நல்ல சுகம். குளிருக்குக் கைத் தோல் இழுக்குதோ? நான் தந்துவிட்ட கிறீமை ஒவ்வொரு நாளும் பூசுங்கோ. நீங்கள் வந்து நிண்ட நாலு நாளும் என்னவோ நாலு மாசம் மாதிரி இருக்கு. எமில்டா இன்னும் சொல்லிச் சிரிக்கிறா, உங்கட அண்ணை ஒவ்வொண்டுக்கும் "செய்யலாமோ, எடுக்கலாமோ" எண்டு கேக்கிறார் எண்டு.

பள்ளிக்கூடம் எட்டாம் திகதி தொடங்கிட்டுது. முப்பத்தொரு பேரில நான் ஒருத்திதான் தமிழ். எலும்பின்ர பேரெல்லாம் பாடமாக்கச் சொல்லுகினம். களைப்புத்தான், ஆனால் காலமை எழும்பேக்கை சந்தோசமா எழும்புறன்.

ஹோமில கடைசி நாள் அஞ்சாம் திகதி. மேட்றன் கேக் வெட்டினா. தெயோவுக்கு இப்ப ஐம்பத்தொரு கிலோ, கதிரையில இருந்து தள்ளாடாமல் எழும்புறார். நான் போகப்போறன் எண்டு அவருக்கு எப்பிடியோ விளங்கிட்டுது. நீங்கள் வந்து பாக்கேக்கை உங்களோடயும் ஒரு சொல் கதைக்காத மனிசன். இந்த ஒரு வருசத்தில அவற்ற வாயில இருந்து முனகலைத் தவிர நான் ஒண்டும் கேட்டதில்லை. கோட்டைப் போட்டுக்கொண்டு, அவற்ற கையைப் பிடிச்சு, "போயிட்டு வாறன்" எண்டன். அவர் கையை விடேல்லை. வாய் கோணிக் கோணி, கனநேரம் எடுத்து, "பாலிக், ஹா" எண்டார்.

பாலிக் எண்டால் திரும்பி வா எண்டு, நீங்கள் கொண்டுவந்த, நெமேசியோ எழுதித் தந்த தாளில இருக்கு. பலிஹுக் போடேல்லை. கடைசியில அந்த ஹா, நாங்கள் "வா, என்ன" எண்டு சொல்லேக்கை வாற "என்ன" மாதிரி இருந்தது. அது கட்டளையோ, கேட்டதோ எண்டு எனக்குத் தெரியாது. ஒருத்தரிட்டையும் கேக்கவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவரைப் பாக்கப் போனன்.

உங்கட அன்புத் தங்கச்சி
தவம்